"ஃபைன், தேங்க் யூ"வுக்கு அப்புறம்: மலையகப் பிள்ளைகளும் ஆங்கில ஸ்மோல் டோக்கும்

டீச்சர், மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பத்தாம், பதினோராம் தரங்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறீர்கள். பிள்ளைகள் எழுத்தில் நல்ல புள்ளி எடுக்கிறார்கள். ஆனால் பாடசாலைக்கு யாராவது விருந்தினர் வந்து "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டால் "ஃபைன், தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறார்கள். படித்து முடித்து கொழும்புக்கு இன்டர்வியூவுக்குப் போன பிள்ளைகளுக்கும் இதே கதைதான். உரையாடல்களை மனப்பாடம் செய்ய வைக்கலாமா, வாயே திறக்காத பிள்ளையை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மனப்பாடம் வேண்டாம். பாடமாக்கிய உரையாடலில் எதிரில் இருப்பவர் அடுத்து என்ன சொல்வார் என்பது முன்பே தெரியும். நேரில் வருபவர் அந்த வரியைச் சொல்ல மாட்டார். அவர் வேறொன்றைச் சொன்னவுடன் பிள்ளை திணறிப்போகும், முன்னைவிட அதிகமாகப் பயப்படும். ஆனால் பிள்ளைகள் நின்றுவிடுவதற்கு இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அது நம் வகுப்பறையிலேயே இருக்கிறது.

ஒரு பாடவேளையில் யார் எதைப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ஆசிரியர் கேட்கிறார். பிள்ளை பதில் சொல்கிறது. ஆசிரியர் "குட்" என்கிறார், அல்லது திருத்துகிறார். பிறகு அடுத்த கேள்வி. 1975-இல் ஜோன் சின்க்ளேயர், மால்கம் கூல்தார்ட் என்ற இரண்டு மொழியியலாளர்கள் இங்கிலாந்து வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்து இந்த மூன்று படி அமைப்பை விவரித்தார்கள். அங்கே இருந்தது இங்கேயும் அப்படியே இருக்கிறது. இதில் முதல் படி ஆசிரியருடையது, மூன்றாவது படியும் ஆசிரியருடையது. பிள்ளைக்கு நடுவில் உள்ள ஒரு படிதான். மூன்றாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை ஆங்கிலத்தில் அந்த நடுப்படியில் மட்டுமே நின்ற பிள்ளை, பதில் சொன்னதும் தன் வேலை முடிந்தது என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. "ஃபைன், தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு அது விருந்தினரின் "குட்"டுக்காகக் காத்திருக்கிறது. விருந்தினரோ பிள்ளை ஏதாவது சொல்லும் என்று காத்திருக்கிறார். இருவரும் சேர்ந்து மௌனமாகிவிடுகிறார்கள்.

ஆகவே நாம் கற்பிக்க வேண்டியது அந்த மூன்றாவது படியை. பதில் சொன்ன பிறகு பேச்சை எதிராளியிடம் திருப்பிக் கொடுப்பது எப்படி என்பதை. ஸ்மோல் டோக் என்று நாம் சொல்லும் சும்மா பேச்சில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். இலக்கணமோ புதிய சொற்களோ இதற்குப் பெரிதாகத் தேவையில்லை. "டிட் யூ வோச் த மேட்ச்?" என்று ஒருவர் கேட்கிறார். "நோ" என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "நோ, வீ ஹாட் அ பவர் கட். ஹூ வொன்?" என்று சொல்லிப் பாருங்கள். எட்டே சொற்கள். ஐந்தாம் தரத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். பதில் இருக்கிறது, கரண்ட் இல்லை என்று தன்னைப் பற்றிய ஒரு சின்னத் துணுக்கு இருக்கிறது, யார் வென்றது என்று எதிராளிக்கு ஒரு வாசலும் திறந்திருக்கிறது. இந்த வடிவத்தைப் பிள்ளை பிடித்துக்கொண்டால் போதும், வரிகளை அதுவே உண்டாக்கிக்கொள்ளும்.

இந்தத் திறமை பிள்ளைகளிடம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது என்பதை அவர்களுக்கே காட்டுவதுதான் முதல் வேலை. 1923-இல் மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர், பசிபிக்கில் உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கிப் பார்த்ததை வைத்து, தகவல் சொல்வதற்காக இல்லாமல் உறவைப் பிணைப்பதற்காகவே மனிதர்கள் பேசும் பேச்சு ஒன்று உண்டு என்று எழுதினார். அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நிற்பவர்களைக் கவனித்தாலே போதும். "என்ன, இன்னைக்கு இந்தப் பக்கம்?" "சின்னவளுக்கு காய்ச்சல், வேலைக்குப் போகல. ஒங்க மலையில கொழுந்து எப்படி?" கேள்வி, பதில், ஒரு துணுக்கு, திருப்பிக் கேட்பது, எல்லாம் இதில் இருக்கிறது. பிள்ளைகளிடம் ஒரு நாள் வீட்டு வேலையாக இதைக் கொடுங்கள்: பஸ் நிறுத்தத்திலோ கடையிலோ இரண்டு பேர் பேசுவதைக் கேட்டு, நினைவில் உள்ளதைத் தமிழிலேயே எழுதி வரட்டும். யாருடைய சொந்த விஷயத்தையும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் அதில் எது பதில், எது துணுக்கு, எது திருப்பிக் கேட்டது என்று அவர்களே அடையாளம் காணட்டும். ஆங்கில வகுப்பில் தமிழ் எதற்கு என்று யாராவது கேட்கலாம். தன் அம்மா செய்வதைத்தான் தான் ஆங்கிலத்தில் செய்யப்போகிறேன் என்று தெரிந்தவுடன் பிள்ளைக்குப் பயம் பாதி போய்விடும். அதற்காகவாவது இதைச் செய்யுங்கள்.

அப்புறம் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு மாற்றம் வேண்டும். பாடவேளையின் முதல் பத்து நிமிடம் கேள்வி கேட்காதீர்கள். வகுப்புக்குள் போனதும் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நில்லுங்கள். "ஐ ஹாட் டு ஸ்டாண்ட் இன் த பஸ் ஆல் த வே ஃப்ரம் டிக்கோயா." டிக்கோயாவிலிருந்து வழி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன் என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு எதுவும் பேசாதீர்கள். ஆரம்பத்தில் பிள்ளைகள் அடுத்து கேள்வி வரும் என்று காத்திருப்பார்கள். நீங்களும் காத்திருங்கள். அந்த மௌனம் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதை நீங்கள் நிரப்பினால் மூன்றாவது படி மறுபடியும் உங்களுடையதாகிவிடும். யாராவது ஒரு பிள்ளை "ஓ, டீச்சர்! வொஸ் இட் ஃபுல்?" என்று கேட்கும். கேட்டதும் "குட் குவெஸ்ஷன்" என்று பாராட்டிவிடாதீர்கள். ஒரு மனிதருக்குச் சொல்வதுபோலப் பதில் சொல்லுங்கள். பாராட்டினால் அது மறுபடி பாடமாகிவிடும். இது பழகியதும் செய்தி சொல்வதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். தினம் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் பேச்சைக் கொண்டுபோகட்டும்.

இதில் கேட்கும் கலையும் சேர்த்தி. தமிழில் ஒருவர் பேசும்போது நாம் "ம்", "அப்படியா", "அடடா" என்று போட்டுக்கொண்டே இருப்போம். ஆங்கிலத்துக்கு மாறியதும் நம் பிள்ளைகள் இதை முழுக்க விட்டுவிட்டு, பரீட்சை மண்டபத்தில் நிற்பதுபோல நிற்கிறார்கள். "ஓ நோ", "ரியலி?", "தட்ஸ் நைஸ்", "தட்ஸ் அ லோங் வோக்" என்று நாலைந்து இருந்தால் போதும். ஆனால் குரலையும் கற்பியுங்கள். "ரியலி" என்பதை ஏற்றமில்லாமல் தட்டையாகச் சொன்னால் நம்பாததுபோலத் தொனிக்கும். இன்னொன்று, நாம் ஆமாம் என்பதற்குத் தலையை இருபக்கமும் ஆட்டுவோமே, அது வெளிநாட்டவருக்கு இல்லை என்பதுபோலத் தெரியலாம். தலையாட்டுவதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். கூடவே ஒரு "யெஸ்" சொன்னால் சரி.

என்ன பேசுவது? மழையும் பனிமூட்டமும் போதும். இதை அற்பம் என்று நினைக்காதீர்கள், இதில் நம் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் தெரியும். ஜூலையில் ஹட்டன் பக்கம் விடாமல் மழை பெய்யும்போது, மலைக்குக் கிழக்கே ஊவாவில் உள்ள பண்டாரவளையில் வெயில் காயும். தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு ஊவா பக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. ஊவாத் தேயிலை ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை நல்ல தரமாக இருப்பதற்கு அந்தக் காற்றுதான் காரணம். டிசெம்பர் போயாவிலிருந்து, அதாவது பௌர்ணமியிலிருந்து, மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன், மஸ்கெலியா, நல்லதண்ணி பிள்ளைகளுக்கு அது வீட்டு வாசல் விஷயம். ஏப்ரலில் நுவரெலியா சீசன். வருகிறவர்கள் "இஸ் இட் ஆல்வேஸ் திஸ் மிஸ்டி?" என்று கேட்டால் பதில் சொல்லப் பிள்ளையிடம் ஏராளம் இருக்கிறது.

இங்கே ஒரு ஆபத்தும் உண்டு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். மலையைப் பற்றிக் கேட்டவுடன் பிதுருதலாகலை 2,524 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர் என்று சமூகக்கல்வி விடையாக ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு துணுக்கு கொடுத்தால் போதும், மிச்சத்தை அவர் கேட்கும்போது கொடுக்கலாம். "இன் ஜூலை, யெஸ். வீ ட்ரை அவர் க்ளோத்ஸ் நியர் த ஃபயர். இஸ் இட் கோல்ட் ஃபோர் யூ?" துணியை அடுப்புப் பக்கத்தில் காயப்போடுகிறோம் என்ற அந்த ஒரு வரியில் உயரக் கணக்கைவிட அதிகம் இருக்கிறது.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பல ஆசிரியர்கள் வயது, சம்பளம், கல்யாணம், பிள்ளைகள், மதம் என்று ஒரு தடைப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிடுவார்கள். அதைப் பார்க்கிற பிள்ளைக்கு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் "எத்தனை புள்ளைங்க?" என்று அன்பாகக் கேட்கும் தன் ஆத்தா நாகரிகம் தெரியாதவள் என்று தோன்றிவிடும். அது அநியாயம். பெனலோப்பி பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் இருவரும் 1978-இல் வெளியிட்ட, மரியாதைப் பேச்சு பற்றிய புகழ்பெற்ற ஆய்வில் ஆங்கிலத்தோடு கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றின் தமிழையும் எடுத்துக்கொண்டார்கள். மரியாதை இரண்டு வகை என்பது அவர்கள் சொன்னது: நெருக்கம் காட்டுவது ஒன்று, எதிராளியின் எல்லைக்குள் நுழையாமல் இருப்பது இன்னொன்று. எல்லா மொழிகளிலும் இரண்டும் உண்டு என்பது அவர்கள் வாதம். யாரிடம், எந்த இடத்தில், எதை முதலில் எடுப்பது என்பதில்தான் வித்தியாசம். பிள்ளைகளிடம் இப்படியே சொல்லுங்கள். ஆத்தா கேட்பது நெருக்க மரியாதை. முன்பின் தெரியாத வெளிநாட்டவரிடம் விலகல் மரியாதையில் தொடங்குவது நல்லது.

"வேர் ஆர் யூ கோயிங்?" என்பது இதற்கு நல்ல உதாரணம். நமக்கு "எங்க போறீங்க?" என்பது வெறும் முகமன். பதில்கூட எதிர்பார்க்க மாட்டோம். எல்ல என்ற சுற்றுலா ஊரில் இறங்கிய வெளிநாட்டவருக்கோ அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு ஓட்டோவோ ஒரு ஹொட்டேலோ வந்து நிற்கும் என்று பழகிப்போயிருக்கும். அதே வார்த்தையைப் பிள்ளை நல்ல மனதோடு சொன்னாலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் கேள்வியில் தொடங்காமல், இருவருக்கும் முன்னால் இருக்கிற ஒன்றில் தொடங்கப் பழக்குங்கள். ரயில் தாமதம், கூட்டம், மூட்டம். "த ட்ரெய்ன் இஸ் லேட் டுடே, இஸன்ட் இட்?" என்பதற்குப் பதில் சொல்ல யாரும் தயங்க மாட்டார்கள்.

அதே நேரம், நம் பிள்ளைகள் ஆங்கிலம் பேசப்போவது பெரும்பாலும் வெள்ளைக்காரரோடு இல்லை. கொழும்பு ஒஃபிஸில், வங்கியில், ஹொட்டேலில் வேலை செய்யும் இன்னொரு இலங்கையரோடு. அங்கே "ஹாட் யுவர் லஞ்ச்?" என்று கேட்பது முழுக்கச் சரி. எந்தப் பாடசாலை என்று கேட்பதும் சரி. இங்கிலாந்துப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு இவற்றைத் தவறென்று திருத்தாதீர்கள்.

எந்த ஊர் என்ற கேள்வியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு இது மிகச் சுலபமான கேள்வி. நம் பிள்ளைகளில் பலருக்கு இது தொண்டையில் நிற்கும் கேள்வி. கொழும்பில் கடையில் வேலை செய்யும் எத்தனையோ பிள்ளைகள் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் ஹட்டன் என்றோ நுவரெலியா என்றோ கண்டி என்றோ சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்), தோட்டம் என்றவுடன் எதிராளியின் பார்வை மாறுவதைப் பார்த்திருக்கிறார்கள். "தைரியமாகச் சொல்லு" என்று வகுப்பில் நின்று நாம் பிரசங்கம் செய்வதால் அந்தப் பார்வை மாறிவிடாது. எதைச் சொல்வது என்று பிள்ளையே தீர்மானிக்கட்டும். நாம் இரண்டு விதப் பதிலையும் நல்ல ஆங்கிலத்தில் கையில் கொடுப்போம். "ஐ'ம் ஃப்ரம் நியர் ஹட்டன். ஹவ் யூ பீன் அப் தேர்?" என்பது ஒன்று. "ஐ க்ரூ அப் ஒன் அ டீ எஸ்டேட். மை மதர் ஸ்டில் வோர்க்ஸ் தேர். வொட் அபவுட் யூ?" என்பது இன்னொன்று. இரண்டாவதை வகுப்பில் பலமுறை, சாதாரணக் குரலில், மற்ற வரிகளோடு வரியாகச் சொல்லிச் சொல்லிப் பழக இடம் கொடுங்கள். அதைச் சொல்லிப் பழகிய பிள்ளைக்குத்தான் ஒரு நாள் அதைச் சொல்வதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கும்.

இதோடு சேர்ந்ததுதான் "சேர்" என்ற சொல். நம் மலைகளில் ஆங்கிலமும் தமிழும் சந்தித்த விதத்தை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலேயத் துரைமார் தமிழ் கற்பதற்கென்றே அந்தக் காலத்தில் கையேடுகள் அச்சிட்டார்கள். அவை வேலை ஏவும் வாக்கியங்களால் நிறைந்தவை. மறுபக்கத்திலிருந்து போன பதிலும் "சரிங்க தொரை"தான். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் சும்மா பேசுவதற்கு இரு மொழிக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. பெரியவர் முன்னால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிற்பது அங்கிருந்து வீட்டுக்கும் பாடசாலைக்கும் வந்த பழக்கம். இன்டர்வியூவில் "டிட் யூ ஃபைண்ட் த ப்ளேஸ் ஈஸிலி?" என்று கேட்டால் "யெஸ், சேர்" என்று முடிப்பது அதன் தொடர்ச்சி என்றே நினைக்கிறேன். "யெஸ், தேங்க் யூ. ஐ கேம் பை த நைட் பஸ், ஸோ ஐ ஹாட் ப்ளென்டி ஒஃப் டைம். இஸ் இட் ஆல்வேஸ் திஸ் ஹொட் இன் கொலம்போ?" என்று கேட்டால் மரியாதை எதுவும் குறைந்துவிடாது. உட்கார்ந்திருப்பவருக்கும் தனக்கும் நடுவில் ஒரே வெயில் இருப்பதைப் பிள்ளை சொல்கிறது, அவ்வளவுதான். "சேர்" ஒரு தடவை சொன்னால் போதும், ஒவ்வொரு வரிக்கும் வேண்டாம்.

பேச்சை முடிப்பதையும் கற்பிக்க வேண்டும். பெரும்பாலும் இதை யாரும் கற்பிப்பதில்லை. இமானுவேல் ஷெக்லோஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1973-இல் காட்டியதுபோல, பேச்சு தானாக நிற்பதில்லை, இருவரும் சேர்ந்து அதைப் படிப்படியாக மூட வேண்டும். தமிழில் "சரி, அப்ப…" என்று இழுத்தாலே இருவருக்கும் புரிந்துவிடும். பிறகு ஒரு காரணம், பிறகு "போயிட்டு வாறேன்". ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் நேராக "ஓகே, பாய்" என்று ஓடிவிடுகிறார்கள், அல்லது எப்படிப் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருக்கிறார்கள். "வெல், ஐ ஷுட் கெட் கோயிங், மை பஸ் இஸ் கம்மிங். நைஸ் டோக்கிங் டு யூ." இதைப் பழக்குங்கள். எதிராளி "வெல்…", "எனிவே…" என்று இழுத்தால் அவர் விடைபெறுகிறார் என்பதைக் காது பிடிக்க வேண்டும். ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது, கண் போனுக்குப் போகிறது என்றால் விட்டுவிட வேண்டும். அதில் பிள்ளையின் தவறு எதுவும் இல்லை, அவருக்கு மனமில்லை. இதையும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் தன் ஆங்கிலம் சரியில்லை என்று பிள்ளை முடிவுகட்டிவிடும்.

யாரோடு பழகுவது? சுற்றுலாப் பயணிகளிடம் போய்ப் பேசிப் பழகு என்று பிள்ளைகளை அனுப்பாதீர்கள். பாதுகாப்பும் இல்லை, பிள்ளை கைநீட்ட வந்ததாக அவர்கள் நினைத்துவிட்டால் அந்த வலி ஆறாது. இதைவிட நல்ல வழி பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊரில் ஒரு சிங்கள மொழிப் பாடசாலை கட்டாயம் இருக்கும். 1987-இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இந்த நாட்டின் இணைப்பு மொழி என்று எழுதி வைத்திருக்கிறது. அங்குள்ள ஆங்கில ஆசிரியரோடு பேசி, இரு அதிபர்களின் சம்மதத்தோடு மாதத்தில் ஒரு பிற்பகல் இரண்டு வகுப்புகளையும் சேர்த்து உட்கார வையுங்கள். நிகழ்ச்சி நிரல் வேண்டாம், மேடை வேண்டாம், பிளேன்டீயும் பிஸ்கட்டும் போதும். ரியூஷன், கிரிக்கெட், பரீட்சைப் பயம், பஸ் என்று பேச எல்லாம் பொதுவாக இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் ஆங்கிலம் சொந்த மொழி இல்லை என்பதால் யாரும் யாருக்கும் தாழ்வில்லை. தமிழ், சிங்களத்துக்குத் தாவினால் தாவட்டும், திரும்பி வருவார்கள்.

பேச்சு நடக்கும்போது இலக்கணத்தைத் திருத்தாதீர்கள். "யூ வென்ட் வேர்?" என்று கேட்டால் அது நல்ல மூன்றாவது படி. எல்லாருக்கும் பொதுவான ஒன்றிரண்டு பிழைகளை மட்டும் குறித்துவைத்து, பத்து நிமிடம் முடிந்த பிறகு யாருடைய பெயரும் சொல்லாமல் பேசுங்கள். சாதாரண தரப் பரீட்சை எழுத்தில்தான் நடக்கிறது, இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். பத்து நிமிடம்தான், மீதி நேரம் முழுக்கப் பாடத்திட்டத்துக்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

வாய் திறக்காத பிள்ளையை எழுப்பி நிறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு முதலில் கேட்கும் வேலையைக் கொடுங்கள். இரண்டு பேர் பேசும்போது மூன்றாவதாக உட்கார்ந்து "ரியலி?", "ஓ நோ" என்று மட்டும் சொன்னால் போதும் என்று சொல்லுங்கள். அது ஒரு சொல்தான், ஆனால் அதுவும் பேச்சில் ஒரு பங்கு, அதில் தவறவும் எதுவும் இல்லை. சில வாரங்கள் அப்படியே இருக்கட்டும். அப்புறம் அந்த "ரியலி?"க்குப் பின்னால் ஒரு "வென்?" அல்லது "வை?" சேர்க்கச் சொல்லுங்கள். கூட உட்கார வைக்கும் இருவரையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிறவர்களை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளையோடு ஒரே பஸ்ஸில் வருகிறவர்களாகப் பாருங்கள்.